மாமாவின் கிளாம்பும் அக்காவின் வியாழக்கிழமை வகுப்பும்

வியாழக்கிழமை இரவு 8 மணி முதல் 10 மணி வரை என் அக்காவைத் தொலைபேசியில் பிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான் நிற்கும். மற்ற நாள்களில் நள்ளிரவில்கூட பதில் போடுகிறவர். வானொலியில் வேலை பார்க்கிறவனுக்கு மௌனம் என்றாலே சந்தேகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டுவிட்டேன்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன வழக்கறிஞர் அலுவலகம் வைத்திருக்கிறார். கீழே மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. படியேறும்போதே எண்ணெய் வாசம் வரும். அவரிடம் வரும் வழக்குகள் நாம் எல்லோரும் அறிந்தவை: சாலை விபத்து, வீட்டு மனைப் பெயர் மாற்றம், மணவிலக்கு, தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் கட்டணத்தைத் தவணையில் கொடுப்பார்கள். சிலர் தவணையில் வாழைக்குலை கொடுப்பார்கள்.

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமைதோறும் இணையத்தில் பேட்டன்ட் வழக்கு நடத்துவது எப்படி என்று படிக்கிறாராம். எந்த வழக்கை எந்த மன்றத்தில் தொடுப்பது என்பதுதான் அந்தப் பாடத்தின் மையம்.

“பேட்டன்டா? கோலசிலாங்கூர்லயா? கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிக்குப் பேட்டன்ட் வாங்கித் தரப்போறீங்களா?” என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “மாமாவை மறந்துட்டியாடா?” என்றார்.

மறக்கவில்லை. ஆனால் மாமாவின் கதையைச் சட்டக் கதையாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வீட்டு விசேஷங்களில் இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகு வரும் பழைய புலம்பல்களில் ஒன்றாகத்தான் அதை வைத்திருந்தேன்.

மாமா தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். செம்பனை பற்றி அந்த வட்டாரத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். ஒரு பிரெஞ்சுக்காரர், ஹென்றி பொகோனியே, தொடங்கிய செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னமரம் என்று பெயர். அந்த முரணைப் பற்றி ஒரு நிகழ்ச்சியே செய்யலாம். அது இன்னொரு நாளைக்கு.

மரம் குட்டையாக இருக்கும்வரை உளியால் குத்திக் குலையை வெட்டலாம். உயர்ந்துவிட்டால் நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்து பார்த்து இழுத்து வெட்ட வேண்டும். கழியும் அரிவாளும் சேரும் இடம்தான் ஆபத்தான இடம். அந்தக் காலத்தில் பலர் டயர் ரப்பரை வாராக அறுத்துச் சுற்றிக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் தளரும். கழன்ற அரிவாள் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து லயத்து அண்ணன் ஒருவருக்குத் தோளில் விழுந்தது. அந்த வாரம் மாமா ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து ஒரு கிளாம்பு செய்தார். ஒரே ஒரு நெம்புகோலை மடக்கினால் அரிவாள் இறுகிக்கொள்ளும், திறந்தால் தீட்டுவதற்குக் கழற்றிவிடலாம். இது 2001இல் நடந்தது. ஆறு மாதத்தில் அந்தத் தோட்டம் முழுக்க அதுதான். அடுத்த தீபாவளிக்கு டவுன் இரும்புக்கடையில் அச்சு அசலாக அதே கிளாம்பு தொங்கியது, விலைச்சீட்டோடு.

மாமா ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார். போலீஸ் நிலையத்தில் “இது சிவில் விஷயம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்கள். மாமா தொழிலாளர் அலுவலகம் போனார். சம்பளப் பாக்கி இருந்தால் வாருங்கள் என்றார்கள். இப்படி அலைந்து முடித்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கோலாலம்பூரில் கண்டுபிடித்தபோது இரண்டு ஆண்டு ஓடியிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “முதல் முதலா எப்ப வெளியே காட்டுனீங்க?”

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் முதல் வழக்கறிஞர். அவர் கெட்டவர் இல்லை. விபத்து வழக்கில் கெட்டிக்காரர் என்றுதான் பெயர். அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

அவர் தெரிந்திருக்க வேண்டியவற்றை அக்கா எனக்கு ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

நம் நாட்டின் பேட்டன்ட் சட்டம் 1983ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1986 அக்டோபர் 1. ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். உலகத்தில் எங்காவது ஏற்கெனவே எழுதியோ, பேசியோ, பயன்படுத்தியோ வெளிவந்திருந்தால் அது புதியது அல்ல. ஆனால் கண்டுபிடித்தவரே வெளியே காட்டியிருந்தால் சட்டம் ஓர் ஆண்டு பொறுத்துக்கொள்ளும். அந்த ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். கிடைத்தால் பேட்டன்டுக்கு 20 ஆண்டு. மாமாவின் கிளாம்பு மாதிரிச் சின்ன முன்னேற்றங்களுக்குப் ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்று தனிச் சான்றிதழ் உண்டு. அது 10 ஆண்டு, பிறகு ஐந்தும் ஐந்துமாக நீட்டித்து 20 வரை போகலாம். யாராவது மீறினால் போலீஸ் வராது, ஏனென்றால் பேட்டன்ட் மீறல் குற்ற வழக்கு அல்ல. உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு போட வேண்டும். அதற்கும் மீறல் நடந்ததிலிருந்து ஆறு ஆண்டு என்று கெடு இருக்கிறது.

இங்கே ஒரு சிறு குறிப்பு. நாங்கள் ஒலிபரப்பில் ‘காப்புரிமை’ என்று சொல்வது பெரும்பாலும் பாட்டுக்கான உரிமையை. பாட்டு எழுதி முடித்த கணமே அந்த உரிமை பிறந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை. கண்டுபிடிப்புக்கு அப்படி இல்லை. விண்ணப்பிக்காவிட்டால் எதுவுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

அக்கா எழுதியவற்றில் என்னை நிறுத்தியது 20ஆம் பிரிவு. மாமா தோட்டத்து ஊழியர். கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் முதலாளியின் தொழில் சார்ந்த ஒன்றை, முதலாளி கொடுத்த கருவிகளை வைத்துச் செய்தார். அப்படியானால் பேட்டன்ட் உரிமை முதலாளிக்குப் போகும் என்கிறது சட்டம். அத்தோடு விடவில்லை. ஊழியருக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும், இருவரும் ஒத்துவராவிட்டால் அவர் சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, முதலாளி அடைந்த லாபம் எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கலாம் என்றும் சொல்கிறது. நீதிமன்றம் என்றால் இந்தச் சட்டத்தில் உயர் நீதிமன்றம். தொழிலாளர் அலுவலகம் அல்ல, கோலசிலாங்கூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் அல்ல. 1986 முதல் இப்படி ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை பிட்டர்களுக்கு அது தெரியும்?

சட்டத்தை ஒருமுறை படித்தால் போதாதா, வாரா வாரம் வகுப்பு எதற்கு என்று கேட்டேன். அதற்கு அக்கா சொன்ன கதையில் ஒரு ரோலர் ஷட்டரும் ஒரு மாத்திரையும் வருகின்றன.

பேட்டன்ட் ஆவணத்தின் உயிர் அதன் ‘உரிமைக் கோரல்’ என்ற பகுதியில் இருக்கிறது. எனக்கு இதுதான், இதுவரைதான் சொந்தம் என்று வேலி போடுகிற பகுதி. முதல் கோரல் தனியாக நிற்கும். அடுத்தவை அதன்மேல் சாய்ந்து நிற்கும். மாமா விண்ணப்பித்திருந்தால் முதல் கோரல் ‘நெம்புகோலால் இறுகும் கிளாம்பு’ என்று இருந்திருக்கும். இரண்டாவது, ‘முதல் கோரலில் சொன்ன கிளாம்பு, உள்பக்கம் ரப்பர் பதித்தது’ என்று இருந்திருக்கும். நெம்புகோல் கிளாம்பு ஏற்கெனவே ஜப்பானில் இருந்தது என்று ஒருவர் நிரூபித்து முதல் கோரலை விழச் செய்தால், ரப்பர் பதித்தது என்னாகும்?

2015இல் எஸ்கேபி ஷட்டர்ஸ் நிறுவனத்துக்கும் செங் கோங் ஷட்டர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் பதில் சொன்னது: முதல் கோரல் விழுந்தால் அதைச் சார்ந்த கோரல்களும் சேர்ந்து விழும். நான்கு ஆண்டு அதுதான் சட்டம். பிறகு 2019 ஆகஸ்ட்டில் மெர்க் நிறுவனத்துக்கும் ஹோவிட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு வந்தது. ஹோவிட் நம் ஈப்போ நிறுவனம். வீட்டில் காய்ச்சல் என்றால் சீனப் பாட்டிகள் கொடுக்கும் ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீர்தான் அதன் பூர்வீகம். வழக்கு, எலும்பு பலவீனத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் ஒரு மருந்தைப் பற்றியது. அதில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு தன் பழைய நிலையிலிருந்தே விலகியது. சார்ந்த கோரல்களைத் தானாக விழவைக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது.

“2015ல படிச்சதோட புத்தகத்தை மூடி வச்ச வக்கீல், 2020ல வர்ற ஆளுக்கு என்ன சொல்லுவாரு? முதல் கோரல் போச்சு, நீ வீட்டுக்குப் போன்னுதானே?” என்றார் அக்கா.

வழக்கறிஞர்களுக்குத் தொடர்கல்வி நம் நாட்டில் புதிது அல்ல. வழக்கறிஞர் மன்றத்தின் திட்டப்படி இரண்டு ஆண்டுச் சுற்றில் 16 புள்ளிகள் சேர்க்க வேண்டும். நல்ல மதிய உணவு போடும் கருத்தரங்காகப் பார்த்துப் புள்ளி சேர்க்கிறவர்களும் உண்டு என்று அக்காவே ஒப்புக்கொள்கிறார். எந்தத் துறையில் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்களில் பேட்டன்ட் பிரிவே தனியாக இருக்கும். அங்கே இளையவருக்கு மூத்தவர் பக்கத்து மேசையிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடுவார். மாடிப்படி அலுவலகத்தில் பக்கத்து மேசை கிடையாது. அங்கே இருப்பது ஒரு கிளார்க்கும் ஒரு மின்விசிறியும்தான். வியாழக்கிழமை வகுப்புதான் அக்காவுக்குப் பக்கத்து மேசை.

அந்த வகுப்பில் ஒரு வாரம் முழுக்க ஓடிய வழக்கு ஒரு மதுரைக்காரருடையது. இரண்டு சிம் போடும் கைபேசி இல்லாத வீடு இன்று உண்டா? மதுரையைச் சேர்ந்த சோமசுந்தரம் ராம்குமார் 2002இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பித்து, 2008இல் பேட்டன்ட் வாங்கினார். வாங்கிய கையோடு அவர் நீதிமன்றத்துக்கு மட்டும் போகவில்லை, சுங்கத் துறைக்கும் போனார். அப்போது இந்தியாவில் பேட்டன்ட்காரர் தன் உரிமையைச் சுங்கத்தில் பதிந்துவைத்தால், மீறும் சரக்கை எல்லையிலேயே நிறுத்திவைக்க விதி இருந்தது. 2009இல் இரட்டை சிம் கைபேசிகள் வந்து இறங்கிய இடத்திலேயே முடங்கின. பெரிய நிறுவனங்கள் பதறின. இன்னொரு பக்கம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கு. தனி மனிதர் ஒருவர் உலக நிறுவனங்களை அசைத்துப் பார்த்தார் என்றால், அது வாசலைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால்தான்.

எதிர்த்தரப்புக்கும் வாசல் தெரிந்திருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில் பேட்டன்டையே ரத்து செய்யக் கோரி மனு போட்டார்கள். 2012இல் வாரியம் ரத்து செய்தது. முன்பே தெரிந்தவற்றிலிருந்து அந்தத் துறைக்காரர் எளிதாக எட்டிவிடக்கூடியதுதான் இது என்பது ஒரு காரணம். நீதி எந்தப் பக்கம் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அந்த வழக்கில் வந்த வாசல்கள் இன்று என்னவாயின என்று பாருங்கள். 2018இல் இந்தியா சுங்க விதிகளிலிருந்து பேட்டன்டை எடுத்துவிட்டது. 2021இல் மேல்முறையீட்டு வாரியமே கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. 2012இல் இந்த வழக்கைக் கரைத்துக் குடித்த மாணவர், இன்று அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்தால் பூட்டிய கதவில் முட்டிக்கொள்வார்.

சரியான வாசலில் நுழைந்தாலும் உள்ளே எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பது வேறு கதை. டிவிஎஸ் நிறுவனத்தின் ஃபிளேம் மோட்டார் சைக்கிள் தன் இரட்டை ஸ்பார்க் பிளக் பேட்டன்டை மீறுகிறது என்று பஜாஜ் 2007இல் சென்னையில் வழக்குப் போட்டது. 2008இல் தனி நீதிபதி தடை விதித்தார். 2009இல் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது. இரு நிறுவனங்களும் சமாதானமாகப் போனது 2019இல். ஒரு பைக்கின் ஆயுளைவிட வழக்கின் ஆயுள் நீளம்.

நம் நாட்டில் வாசல்கள் குறைவு. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் பேட்டன்ட் கொடுக்கும். மீறல் வழக்கும், பேட்டன்ட் செல்லாது என்ற எதிர்வழக்கும் பெரும்பாலும் ஒரே உயர் நீதிமன்றத்தில் ஒன்றாக நடக்கும். 2007இலேயே அறிவுசார் சொத்துக்கென்று சிறப்பு நீதிமன்றங்கள் அமைத்துவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இங்கிலாந்தில் சின்ன ஆட்களுக்கென்று தனி அறிவுசார் சொத்து நீதிமன்றம் இருக்கிறது. அங்கே இழப்பீட்டுக்கு 5 லட்சம் பவுண்டு உச்சவரம்பு, தோற்றவர் கொடுக்க வேண்டிய செலவுத் தொகைக்கும் உச்சவரம்பு. தோற்றால் வீட்டை விற்க வேண்டுமோ என்ற பயம் இல்லாமல் ஒரு பிட்டர் உள்ளே நுழையலாம். இங்கே ஒரு பிட்டர் வழக்குப் போட வேண்டுமானால், பன்னாட்டு மருந்து நிறுவனம் நிற்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நீதிமன்றமே இல்லாத வாசலும் ஒன்று உண்டு, அது அரசாங்கத்துக்கு மட்டும். கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்து எட்டாத விலையில் இருந்தபோது, பேட்டன்ட் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி அதை அரசே பயன்படுத்திக்கொள்ள 2017இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம். நம்மில் பலர் அந்தச் செய்தியை வாசித்திருப்போம். நானே ஒலிபரப்பியிருப்பேன். அதற்குள் இருந்தது பேட்டன்ட் சட்டம் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

இனி, அக்காவின் அலுவலகத்துக்கு வந்த தம்பியின் கதை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

ஈஜோக் பக்கத்துத் தம்பி. வயது 27. தோட்டத்தில் குலை வெட்டுகிறார். டன் கணக்கில்தான் சம்பளம். வேறு ஏதோ ஒரு சம்மன் விஷயமாக வந்தவர், கைபேசியில் டிக்டாக் வீடியோ ஒன்றைக் காட்டி, “அக்கா, இதை ஒருத்தர் காப்பியடிச்சு ஆன்லைன்ல விக்கிறாரு, போலீஸ்ல சொல்லலாமா?” என்று கேட்டிருக்கிறார். வீடியோவில் இருந்தது அரிவாளைக் கழியோடு பிணைக்கும் ஒரு கிளாம்பு.

அக்காவுக்குக் கை நடுங்கியதாம். இருபது ஆண்டுக்கு முன் மாமா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், அதே கேள்வியோடு, அதே பொருளோடு ஒருவர்.

“இந்த வீடியோ எப்ப போட்டீங்க?”

தேதியைப் பார்த்தார்கள். பத்து மாதம், மூன்று வாரம். ஓர் ஆண்டுக் கெடுவுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம். ஐரோப்பாவில் விண்ணப்பிப்பதாக இருந்தால் வீடியோ போட்ட அன்றே கதை முடிந்திருக்கும். அங்கே இந்த ஓர் ஆண்டுச் சலுகை கிடையாது.

இரண்டாவது கேள்வி: “வெல்டிங் எங்க வச்சுப் பண்ணீங்க?”

முதலில் செய்தது தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில், தோட்டத்து வெல்டிங் செட்டில். பிறகு அதில் ஒரு ஸ்பிரிங் பூட்டு சேர்த்தது ஈஜோக்கில் மச்சானின் மோட்டார் பட்டறையில், சொந்தக் காசில். இந்தப் பதிலில்தான் 20ஆம் பிரிவு முழுதும் அடங்கியிருக்கிறது. முதல் பகுதியில் தோட்டம் உரிமை கேட்கலாம். கேட்டால் ஊதியம் தர வேண்டும். ஸ்பிரிங் பூட்டு தம்பியின் சொந்தம் என்று வாதாடலாம். எதை எங்கே, யார் பொருளில் செய்தார் என்று அன்றே அவர் கையால் எழுதி வாங்கினார் அக்கா.

அந்த ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று நான் இங்கே விவரிக்க மாட்டேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டாலும், எழுதாதே என்று அக்கா உத்தரவு.

விண்ணப்பத்தை அக்கா எழுதவில்லை. அது பதிவு பெற்ற பேட்டன்ட் முகவரின் வேலை, வகுப்பில் அறிமுகமான ஒருவரிடம் கோலாலம்பூருக்கு அனுப்பிவைத்தார். முகவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன்னால் இப்படி ஒன்று எங்காவது இருந்திருக்கிறதா என்பது. கழகத்தின் இணையத் தளத்திலும் வெளிநாட்டுத் தளங்களிலும் தேடினார்கள். ஆனால் அக்காவுக்குத் தெரிந்த ஒன்று எந்தத் தளத்திலும் இல்லை. 2001இல் பத்தாங் பெர்ஜுந்தை தோட்டம் ஒன்றில் ஊரறியப் பயன்பாட்டிலும், மறு ஆண்டு இரும்புக்கடையில் விற்பனையிலும் இருந்த நெம்புகோல் கிளாம்பு. பயன்பாடும் வெளிப்பாடுதான். மாமாவின் கிளாம்பே தம்பியின் முதல் கோரலைக் கவிழ்த்துவிடலாம்.

“சொல்லாம விட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எதிர்த்தரப்பு வக்கீல் நாளைக்கு அதே டவுன்ல விசாரிச்சா, பழைய ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க. கோர்ட்டுல உடையறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது,” என்றார். 2019 தீர்ப்பு இங்கே உதவிக்கு வருகிறது. நெம்புகோல் பழையது என்று முதல் கோரல் விழுந்தாலும், ஸ்பிரிங் பூட்டுக் கோரலைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். முகவர் ஸ்பிரிங்கையே முன்னுக்குக் கொண்டுவந்து கோரல்களை மாற்றி எழுதினார். கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சான்றிதழ் கைக்கு வரும்வரை காப்பியடிக்கிறவர்மேல் வழக்குப் போட முடியாது என்று தம்பிக்கு விளக்க அக்காவுக்கு ஒரு மாலை பிடித்ததாம். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

பழைய கிளாம்பின் விவரம் வேண்டும் என்று நாங்கள் மூவரும் மாமா வீட்டுக்குப் போனோம். பெஸ்தாரி ஜெயாவில் மலிவு விலை வீடு, வாசலில் முருங்கை. மாமாவுக்கு இப்போது 68. காரில் போகும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. உங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பையனுக்குக் கிடைக்கப்போகிறது, அதற்கு நீங்கள் உதவ வேண்டும் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? அக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

மாமா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். நோட்டுப் புத்தகம், பென்சில் படங்கள், இரும்புக்கடையில் அவரே காசு கொடுத்து வாங்கிவந்த அந்தக் காப்பி, மங்கிப்போன ரசீது. எல்லாம் இருந்தன. “கோர்ட்டுக்கு வேணும்னு வச்சிருந்தேன்,” என்றார்.

தம்பி தயங்கித் தயங்கித் தன் கிளாம்பை எடுத்து மேசையில் வைத்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டை நாலைந்து தடவை திறந்து மூடினார்.

“ஸ்பிரிங் எனக்குத் தோணல,” என்றார். பிறகு ஓரத்தில் இருந்த திருகாணியை நகத்தால் சுரண்டி, “இது துருப்பிடிக்கும் தம்பி. ஸ்டெய்ன்லெஸ் போடு,” என்று சொல்லிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.